இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? உருகுவேயின் வீட்டுக் கூட்டுறவுகள்

இருபது குடும்பங்கள். எல்லோரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஒரே ஆலையில் வேலை, அல்லது பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடித்தனம். தனித்தனியாக யாராலும் ஒரு மனைகூட வாங்க முடியாது, ஆனால் எல்லோரும் சேர்ந்தால் ஏன் முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு எழுகிறது. இந்தப் பேச்சு நடக்காத ஊர் இருக்காது. பெரும்பாலான ஊர்களில் நாலாவது கூட்டத்தோடு அது நின்றும் போகிறது.

மனம் இல்லாமல் நிற்பதில்லை. மூலப் பத்திரத்தைப் படித்து வில்லங்கம் இருக்கிறதா என்று யார் சொல்வது? மண் தாங்குமா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யார் பார்ப்பது? வரைபட அனுமதிக்கு யார் அலைவது? எஸ்டிமேட் சரியா, சிமென்ட் கணக்கு சரியா, வங்கிக்காரர் கேட்கும் ஆவணம் எது? அப்புறம், ஒரு குடும்பம் மூன்று மாதம் பணம் கட்டவில்லை என்றால் அவர்களிடம் யார் போய்ப் பேசுவது? நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற இருபது குடும்பங்களால் இவ்வளவையும் தாங்களாகவே செய்ய முடியாது. வெளியிலிருந்து ஆள் வந்தாக வேண்டும்.

அப்படி வருகிறவர் யாருடைய ஆள் என்பது முக்கியம். காண்ட்ராக்டர் அனுப்பியவர் என்றால் அவர் கண் லாபத்தில் இருக்கும். அரசு அனுப்பியவர் என்றால், ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் போவார். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் நிதி முடிகிற மாதம் அவரும் கிளம்பிவிடுவார். எளிய மக்களுக்கான வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இன்ஜினியருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? இதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்த ஒரு நாடு உண்டு. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் இருக்கும் உருகுவே.

நாடு சிறியது. மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம், அதில் பாதிப்பேர் தலைநகர் மொண்டேவீடியோவிலும் அதை ஒட்டியும் இருக்கிறார்கள். இறைச்சியும் கம்பளியும் ஏற்றுமதி செய்து ஒரு காலத்தில் வசதியாக இருந்த நாடு. 1960-களில் அந்த வருமானம் படுத்துவிட்டது. விலைவாசி ஒரே ஆண்டில் இரண்டு மடங்காகிற நிலை வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த வங்கியும் வீட்டுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்காது. கொடுத்தாலும் தொழிலாளியால் கட்ட முடியாது.

1961-ல் தொடங்கப்பட்ட உருகுவே கூட்டுறவு மையம் என்ற அமைப்பு அங்கே இருந்தது. 1966-ல் அது தலைநகருக்கு வெளியே மூன்று ஊர்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது: ஃப்ளோரிடா வட்டாரத்தின் ஈஸ்லா மாலா, டப்பா இறைச்சிக்குப் பேர்போன ஃப்ரே பென்டோஸ், வடக்கே சால்டோ. பணம் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் கடன். வீட்டை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. குடும்பங்கள் கூட்டுறவாகப் பதிவு செய்துகொண்டு, மையத்தின் கட்டடக் கலைஞர்களும் சமூகப் பணியாளர்களும் கூடவே நிற்க, தாங்களே மண் சுமந்து கட்டினார்கள். வீடுகள் நன்றாக வந்தன. செலவும் குறைவு. அந்த அனுபவம் நேராகச் சட்டத்துக்குள் போனது.

1968 டிசம்பர் 17-ம் தேதி இயற்றப்பட்ட 13,728-ம் எண் தேசிய வீட்டுவசதிச் சட்டம் அது. அதை வடித்தவர்களில் முக்கியமானவர் ஹுவான் பாப்லோ தெர்ரா. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், தொழிலால் கட்டடக் கலைஞர். வீட்டைப் பற்றிய சட்டத்தை வீடு கட்டத் தெரிந்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பது அதைப் படித்தால் தெரியும். கூட்டுறவுகளுக்கென்றே ஒரு அத்தியாயம். ஒரு கூட்டுறவில் 10 முதல் 200 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். முன்கூட்டியே பணம் சேமித்துக் கட்டுவது ஒரு வழி, உழைப்பைப் போட்டுக் கட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதற்குப் பெயர் 'பரஸ்பர உதவி'. அதோடு, கூட்டுறவுக்குத் துணை நிற்கும் 'தொழில்நுட்ப உதவி நிறுவனம்' என்ற ஒன்றையும் சட்டமே உருவாக்கியது.

இந்த நிறுவனங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டடக் கலைஞர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், பத்திரம் எழுதும் நோட்டரி, கணக்காளர் எல்லோரும் ஒரே குழுவாக இருக்கும் அமைப்பு அது. லாப நோக்கம் கூடாது. அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இப்படி ஒரு நிறுவனத்தின் துணை இல்லாமல் கூட்டுறவுக்குக் கடன் கிடைக்காது. ஆனால் எந்த நிறுவனம் என்பதைக் கூட்டுறவுதான் தேர்ந்தெடுக்கும். பொதுக்கூட்டம் போட்டு, இரண்டு மூன்று குழுக்களை அழைத்துப் பேசி, கை தூக்கி முடிவெடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். அவர்களுடைய கட்டணம் வீட்டுக் கடனுக்குள்ளேயே ஒரு பகுதியாக அடங்கிவிடும்.

அதாவது, பணம் அரசுக் கடனிலிருந்து வருகிறது, ஆனால் வேலைக்கு வைக்கும் அதிகாரம் குடும்பங்களிடம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் வரைபடத்தோடு கூட்டத்துக்கு வந்து, சமையலறை ஏன் இந்தப் பக்கம் என்று ஒரு துணி ஆலைத் தொழிலாளி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லப்போனால் அந்தத் தொழிலாளிதான் அவருடைய முதலாளி. இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் மீதி எல்லாவற்றையும் நகல் எடுத்தாலும் பெரிய பயன் இருக்காது என்பது என் கணிப்பு.

குழு உருவான நாளிலிருந்து சாவி கைக்கு வரும்வரை அந்த நிறுவனம் கூடவே இருக்கும். முதலில் சமூகப் பணியாளரின் வேலை. சங்க விதிகள், கூட்டம் நடத்தும் முறை, நிர்வாகக் குழு எதைச் செய்யும், கணக்கைச் சரிபார்க்கும் குழு எதைக் கேட்கும் என்று மாதக்கணக்கில் பயிற்சி. பலருக்கு ஒரு ரசீதைப் படித்துக் கணக்கில் ஏற்றுவதே புதிய விஷயம். அப்புறம் நிலம், வரைபடம், கடன் விண்ணப்பம். அதற்குப் பிறகுதான் கடப்பாரை. கட்டுகிற காலம் ஒன்றரை, இரண்டு ஆண்டு என்றால் அதற்கு முந்தைய காகித வேலை பல நேரம் அதைவிட நீளம். சோர்ந்து விலகுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விலகுகிறார்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று வீட்டுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். வார நாள்களில் மாலையில் கொஞ்சம், சனி ஞாயிறில் மிச்சம். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்றவர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். சித்தாள் வேலை, கம்பி வளைப்பது, பூச்சுக்கு உதவி, பொருள் வாங்குவது, இரவுக் காவல் எல்லாம் உறுப்பினர்கள் வேலை. முதியவரோ உடம்பு முடியாதவரோ வேலைக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளைக் கவனிக்கலாம், அதுவும் மணிக்கணக்கில் சேரும். யார் எத்தனை மணி நேரம் வந்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு வேலைக் குழு உண்டு. பாக்கி வைத்தால் கூட்டத்தில் பெயர் வரும். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டைவிடக் கறாரானது அந்த நோட்டு.

யாருக்கு எந்த வீடு என்பது பெரும்பாலும் கட்டி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. கடைசியில் குலுக்கிப் போடுவார்கள். தன் வீட்டுச் சுவரை மட்டும் நேராக வைத்துப் பக்கத்து வீட்டில் அசட்டையாக இருக்க வழியே கிடையாது. எல்லாச் சுவரும் தன் சுவராக இருக்கலாம் என்ற பயம் மட்டப்பலகையை நன்றாகப் பிடிக்க வைக்கிறது!

கட்டடக் கலைஞர்களும் இதற்கேற்ப யோசிக்க வேண்டியிருந்தது. கைவேலை பழகாதவர்கள் கட்டுகிற வீடு என்றால் கட்டும் முறையும் அவர்களுக்கு வசப்பட வேண்டும். உருகுவேயில் செங்கல் நன்றாகக் கிடைக்கும். கூட்டுறவு மையத்தின் கட்டடக் கலைஞர்கள், மரியோ ஸ்பல்லன்சானி போன்றவர்கள், செங்கல்லும் கம்பியும் சேர்த்துத் தரையிலேயே வார்த்து உலர்த்தி, பிறகு தூக்கிப் பொருத்தும் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். சென்ட்ரிங் மரச் செலவு குறையும், உயரத்தில் நின்று செய்கிற ஆபத்தான வேலையும் குறையும். மண்ணில் உட்கார்ந்து அச்சில் பலகை வார்ப்பதை யாரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். 1970-களில் மொண்டேவீடியோவில் எழுந்த பெரிய குடியிருப்புகளில் பல கூட்டுறவுகள் ஒன்றுசேர்ந்து பொருள்களை மொத்தமாக வாங்கின, நூலகம், குழந்தைகள் காப்பகம், விளையாட்டுக் கூடம் எல்லாவற்றையும் கூடவே கட்டிக்கொண்டன. சிறிய குழு சிறியதாகவே இருந்து, வாங்கும்போது மட்டும் பெரியதாகிற தந்திரம் இது.

பணம் எப்படி? மொத்தச் செலவில் ஏறத்தாழ 85 சதவீதம் அரசுக் கடன். மீதி 15 சதவீதம் குடும்பங்களின் பங்கு, அதை ரொக்கமாகத் தராமல் உழைப்பாகத் தரலாம். இதில் ஒரு நுட்பமும் உண்டு. 1968 சட்டம் 'மறுசீரமைப்பு அலகு' என்ற ஒரு கணக்கு அலகைக் கொண்டுவந்தது. கடனும் தவணையும் நாட்டு நாணயமான பெசோவில் எழுதப்படாமல் இந்த அலகில் எழுதப்படும். நாட்டின் சராசரிக் கூலி ஏறினால் அலகின் மதிப்பு ஏறும். விலைவாசி இரட்டிப்பாகிற நாட்டில், தவணை அரிசி விலையோடு ஓடாமல் சம்பளத்தோடு நடக்கும். கடன் கொடுத்த அரசுக்கும் பணத்தின் மதிப்பு கரைந்து போகாது. இது இல்லாமல் இருந்திருந்தால் 1970-களின் பணவீக்கம் இந்தக் கூட்டுறவுகளை விழுங்கியிருக்கும்.

கூட்டுறவு வீடு என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. இங்கே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்பது பெரும்பாலும் கடன் தரும் அலுவலகம், அல்லது மனை பிரித்து விற்கும் அமைப்பு. வாங்கியவர் தன் பெயரில் பத்திரம் செய்துகொண்டு தன் வழியே போய்விடுவார். உருகுவேயின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில் அநேகமாக எல்லா இடத்திலும் நிலமும் கட்டடமும் என்றென்றைக்கும் கூட்டுறவின் பெயரிலேயே இருக்கும். குடும்பத்துக்கு இருப்பது வாழ்கிற உரிமை. அந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும். வேறு ஊருக்குப் போக விரும்பினால், போட்ட உழைப்புக்கும் கட்டிய தவணைக்கும் கணக்கிட்டுப் பங்குப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். சந்தையில் விலைபேசி விற்க முடியாது. காலியான வீட்டுக்கு அடுத்த குடும்பத்தைக் கூட்டுறவு சேர்த்துக்கொள்ளும்.

இது ஏன் தேவை? ஏழைகளுக்காகக் கட்டிய வீடு பத்து ஆண்டில் கைமாறி வசதியானவரிடம் போவதை நாம் எல்லா நகரத்திலும் பார்த்திருக்கிறோம். நகரம் வளர வளர அந்த மனையின் விலைதான் அங்கே குடியிருப்பவரைத் துரத்துகிறது. விற்க முடியாத வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் வேலை இழந்தால் கூட்டுறவின் உள் உதவி நிதியிலிருந்து தவணை கட்டி அவரைத் தாங்குவதும் வழக்கம்.

ஆனால் இந்தக் கூட்டு உடைமை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1970 மே மாதம் இந்தக் கூட்டுறவுகள் சேர்ந்து ஃபுக்வாம் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. மூன்று ஆண்டில், 1973-ல், ராணுவ ஆட்சி வந்தது. தொழிற்சங்கங்கள் தடைசெய்யப்பட்ட அந்தக் காலத்தில் வீட்டுக் கூட்டுறவின் பொதுக்கூட்டம்தான் மக்கள் கை தூக்கி வாக்களிக்கும் இடமாக மிஞ்சியது. ஆட்சிக்கு அது உறுத்தியது. புதிய கூட்டுறவுகளுக்குப் பதிவு கிடைப்பது அநேகமாக நின்றது. 1983-ல் தவணையை உயர்த்தியபோது கூட்டுறவுகள் அந்த உயர்வைக் கட்ட மறுத்தன. அதே ஆண்டு இறுதியில், கூட்டுறவு வீடுகளையெல்லாம் தனித்தனி உடைமையாக மாற்றும் சட்டம் ஒன்று வந்தது. கேட்க இனிப்பான சட்டம்தான்: இனி இந்த வீடு உன் சொத்து, விற்றுக்கொள். ஃபுக்வாம் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடக் கேட்டுக் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. 1984 பிப்ரவரி 26, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. மொத்தமே 30 லட்சம் பேர் இருந்த நாட்டில், அதுவும் ராணுவ ஆட்சியில். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு ராணுவ ஆட்சியும் போனது.

ஜனநாயகம் திரும்பிய பிறகு வந்த தலைவலி நிலம். கடன் இருந்தாலும் நகரத்துக்குள் மனை இல்லை, கிடைக்கிற இடம் ஊருக்கு வெளியே. பஸ், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம் எதுவும் எட்டாத இடத்தில் மலிவாக வீடு கட்டினால் மிச்சம் பிடித்ததைப் போக்குவரத்துக்குச் செலவழிக்க வேண்டிவரும். 1990-ல் தபரே வாஸ்கெஸ் மொண்டேவீடியோவின் மேயரானார், பின்னாளில் நாட்டின் அதிபராகவும் ஆனவர். அவர் காலத்தில் மாநகர நிர்வாகம் தன் கையிலிருந்த நிலங்களைத் தொகுத்து ஒரு நில இருப்பை உருவாக்கி, அதிலிருந்து கூட்டுறவுகளுக்கு மனை ஒதுக்கத் தொடங்கியது. பழைய துறைமுக நகரத்தின் சிதைந்த கட்டடங்களைப் புதுப்பித்துக் குடியேறிய சிறிய கூட்டுறவுகளும் அந்தக் காலத்தில் வந்தவைதான். பெண்களே குடும்பத் தலைவர்களாக இருந்த மூஹேஃபா என்ற கூட்டுறவு அவற்றில் ஒன்று. கட்டடக் கலைஞர் சார்னா ஃபுர்மன் அதற்குத் துணை நின்றார். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்பது அவர் வாதம்.

குறை இல்லாத முறையா என்றால், இல்லை. வாரம் 21 மணி நேரம் என்பது நிலையான வேலையும் நிலையான விடுமுறையும் உள்ளவருக்குச் சரி. அன்றாடக் கூலிக்காரருக்கு ஒரு சனிக்கிழமை போனால் ஒரு நாள் சோறு போச்சு. அதனால்தான் இந்தக் கூட்டுறவுகளில் அடிமட்ட ஏழைகளைவிட அமைப்பாகத் திரண்ட தொழிலாளர் குடும்பங்கள் அதிகம். உதவி நிறுவனங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கடன் வரும்வரை அவர்களுக்குக் காசு வராது, அதனால் ஆண்டுக்கணக்கில் கடனுக்கு உழைக்கிறார்கள். தாக்குப்பிடிக்க ஒரே நேரத்தில் பல கூட்டுறவுகளை எடுத்துக்கொண்டு, போன தடவை வரைந்த வரைபடத்தையே திரும்ப நீட்டுகிற நிறுவனங்களும் உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய துணை, வாடிக்கையாளர் தானாக வருகிற வியாபாரமாக மாறுகிற ஆபத்து எப்போதும் இருக்கிறது. வட்டியைப் பற்றிய சண்டையோ இன்னும் ஓயவில்லை. 5.25 சதவீத வட்டி அதிகம், 2 சதவீதம் போதும் என்பது ஃபுக்வாமின் நெடுநாள் கோரிக்கை.

இருந்தாலும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கூட்டுறவுகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்பது அந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய எண்ணிக்கை. பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையில் போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் 50,000 வீட்டுத் திட்டம் நடந்தது. வடக்கு கிழக்கில் பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்டுகிற முறை. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய், கட்டுமான வேலை நகர நகரத் தவணையாக வங்கிக் கணக்கில் வரும். அங்கேயும் தொழில்நுட்ப அலுவலர்கள் வந்தார்கள், அத்திவாரம் பார்த்தார்கள், தவணைக்குச் சான்று கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அலுவலர்கள் திட்டத்தை நடத்திய நிறுவனங்களின் ஆள்கள். குடும்பம் தனித்தனியாகக் கட்டியது, மணலும் சீமெந்தும் விலையேறியபோது தனித்தனியாகவே கடன்பட்டது.

உருகுவே முறை வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. ஸ்வீடன் கூட்டுறவு மையத்தின் துணையோடு ஃபுக்வாம் ஆள்கள் பராகுவே, பொலிவியா, மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். 2012-ல் அதற்கு உலக வாழிட விருதும் கிடைத்தது. எல் சால்வடோரின் தலைநகர் சான் சால்வடோரில், ஒரு முற்றத்தைச் சுற்றி அறைக்கு ஒரு குடும்பமாக வாழும் 'மெசோன்' வீடுகள் நகரின் நடுவிலேயே உண்டு. நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் போலத்தான். அங்கிருந்த குடும்பங்கள் ஃபுண்டசால் என்ற அமைப்பின் துணையோடு கூட்டுறவாகச் சேர்ந்து, அதே நகர மையத்தில் தங்கள் கையால் அடுக்குமாடி கட்டிக் குடியேறினார்கள். வேலை நேரம், பொதுக்கூட்டம், கூட்டு உடைமை எல்லாம் உருகுவேயில் போலவே. கடனும் உதவிக் குழுவின் சம்பளமும் மட்டும் அந்த ஊர்ச் சட்டத்திலிருந்து வரவில்லை, வெளிநாட்டு நன்கொடையிலிருந்து வந்தன. அதனால் அங்கே கூட்டுறவுகள் கட்டி முடித்த கையோடு அடுத்த வேலையாக, தங்களுக்கென ஒரு வீட்டுச் சட்டம் கேட்டு நாடாளுமன்ற வாசலில் போய் நின்றன.